உங்களுக்குத் தெரியுமா? 73 சிடி பெட்டி... நாலே நாளில் காலி!

ஒரே பெட்டி. உள்ளே 73 சிடி! அத்தனையும் ஒரே குழு வாசித்தது. அதுவும் ஒரே சுற்றுப்பயணத்தில் வாசித்தது! அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட், 1972-ல் ஐரோப்பாவில் நடத்திய 22 கச்சேரிகள். ஒன்றைக்கூட விடவில்லை!

விலை 450 டாலர். போட்டதே 7,200 பெட்டிதான். 2011 ஜனவரியில் அறிவித்தார்கள். பெட்டி வீடு வந்து சேர செப்டம்பர் ஆகிவிடும் என்ற நிலை. ரசிகர்கள் யோசித்தார்களா? யோசிக்கவே இல்லை! நாலே நாளில் 7,200 பெட்டியும் விற்றுத் தீர்ந்தது!

நீங்களே பெருக்கிப் பாருங்கள். 7,200 பெட்டி, தலா 450 டாலர். 32 லட்சத்து 40 ஆயிரம் டாலர்! இன்னும் கைக்கே வந்து சேராத பெட்டிக்கு!

முதல் சிடியைப் போட்டு, தூங்காமல் கொள்ளாமல் கேட்டால் எப்போது முடியும்? 70 மணி நேரத்துக்கு மேல்! திங்கள்கிழமை காலையில் ஆரம்பித்தால் வியாழக்கிழமை காலையில்தான் எழுந்திருக்க முடியும்!

பெட்டி என்றால் அட்டைப் பெட்டி இல்லை. அந்தக் காலத்தில் கப்பலேறியவர்கள் கொண்டுபோன டிரங்குப் பெட்டி போலவே செய்திருந்தார்கள். இருபத்திரண்டு கச்சேரிக்கும் தனித்தனி உறை வேறு!

பெட்டி கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்களா? அவர்களுக்காக டிரங்கு இல்லாமல் இசை மட்டும் தனிப் பதிப்பாக வந்தது. அலங்காரம் எதுவும் இல்லை. 73 சிடி மட்டும் அப்படியே உண்டு!

இந்தப் பயணத்திலிருந்து 1972-லேயே ஓர் ஆல்பம் வந்துவிட்டது. மூன்று இசைத்தட்டு, 17 பாட்டு, ஏறக்குறைய 2 மணி நேரம். மிச்சம் 68 மணி நேரத்தில் பெரும்பகுதி? டேப்பில் தூங்கியது. எத்தனை ஆண்டு தெரியுமா? 39!

அத்தனை கச்சேரியையும் 16 டிராக் கருவியில் பதிவு செய்திருந்தார்கள். இன்று ஒரு கைப்பேசியில் 16 டிராக் சாதாரணம். 1972-ல் அந்தக் கருவியை நாடு நாடாகச் சுமந்துகொண்டு அலைந்தது இந்தக் குழு!

பழைய டேப் ஓடும்போது வேகம் லேசாகக் கூடும், குறையும். அதைச் சரிசெய்த விதத்தைக் கேளுங்கள். பதிவுக் கருவி தானாகவே டேப்பில் விட்டுச்சென்ற ஒலி ஒன்று உண்டு. மனிதக் காதுக்குக் கேட்காத உச்சத்தில் இருக்கும். அந்தக் கேட்காத ஒலியை அளவுகோலாக வைத்துக் கேட்கும் இசையை நேராக்கினார்கள்!

‘டார்க் ஸ்டார்’ என்று ஒரு பாட்டு. 1968-ல் சிங்கிளாக வெளியிட்டபோது மூன்று நிமிடம்கூட இல்லை. 1972 மே 11, நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் அதே பாட்டை எடுத்தார்கள். முடித்தபோது ஏறத்தாழ 48 நிமிடம் ஓடியிருந்தது! அதுவும் இந்தப் பெட்டியில் முழுசாக இருக்கிறது. கேட்டவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை!

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் இவர்கள் வாசித்த இடம் எது? பல்கலைக்கழக மாணவர்கள் சாப்பிடும் கூடம்! லண்டனில் பிரமாண்டமான வெம்பிளி அரங்கில் பயணத்தைத் தொடங்கியவர்கள், ஒன்பது நாள் கழித்து மாணவர் கேன்டீனில் நின்று வாசித்தார்கள். அதற்கு அடுத்த நாளே கோபன்ஹேகன். டென்மார்க் டி.வி. கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. குழுவினர் கோமாளி முகமூடியை மாட்டிக்கொண்டார்கள். அப்படியே ஒரு பாட்டையும் வாசித்து முடித்தார்கள்!

பிரான்ஸின் லில் நகரக் கதை இன்னும் சுவாரசியம். பாரிஸில் யாரோ ஒருவர் கோபத்தில் கருவி லாரியின் எரிபொருள் தொட்டியில் கைவைத்துவிட்டார். லாரி நகரவில்லை. லில் நகரில் கூட்டம் காத்திருக்கிறது, குழு வந்துவிட்டது, கருவிகள் வரவில்லை! கூட்டம் கொதித்தது. குழுவினர் ஜன்னல் வழியாகத் தப்பினார்கள்!

அதோடு முடிந்ததா? இல்லை! எட்டு நாள் கழித்து, மே 13 அன்று, அதே ஊருக்குத் திரும்பி வந்தார்கள். திறந்தவெளியில் முழுக் கச்சேரி. கட்டணம்? ஒரு பைசா இல்லை! தவறிய கச்சேரிக்கு ஈடுகட்டிய அந்தப் பகல் கச்சேரியும் 73 சிடிக்குள் இருக்கிறது. இந்தக் குழுவை ஏன் இத்தனை பேர் இப்படி நேசிக்கிறார்கள் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்!

இங்கிலாந்தின் பிக்கர்ஷா திருவிழாவில் மழை, சகதி. லக்சம்பர்க்கில் வானொலி நேரடி ஒலிபரப்பு. எல்லாமே பெட்டிக்குள்!

குழுவின் தொடக்க கால நாயகன் பிக்பென். ஆர்கன் வாசிப்பார், மவுத் ஆர்கன் வாசிப்பார், புளூஸ் பாடினால் அரங்கமே ஆடும். அவருக்கு இதுதான் கடைசிச் சுற்றுப்பயணம். 1973 மார்ச்சில் இறந்துவிட்டார். வயது 27! அவர் குரலுக்காக மட்டுமே இந்த டிரங்குப் பெட்டியை வாங்கியவர்கள் உண்டு.

73 சிடியே பெரிசு என்கிறீர்களா? 2015-ல் வந்தது அடுத்த பெட்டி. 80 சிடி! 1966 முதல் 1995 வரை, ஆண்டுக்கு ஒரு கச்சேரி, மொத்தம் 30 கச்சேரி. ஒன்றுகூட அதற்குமுன் முழுமையாக வெளிவராதது!

அதன் விலை கிட்டத்தட்ட 700 டாலர். கூடவே 288 பக்கப் புத்தகம். தங்க நிறத்தில் ஒரு குட்டி இசைத்தட்டு. அதில் ஒரு பக்கம் 1965-ல் பதிவான பாட்டு. மறுபக்கம் 1995-ல் கடைசிக் கச்சேரியில் கடைசியாக வாசித்த பாட்டு. முப்பது வருடம், ஒரே தட்டின் இரண்டு பக்கம்!

80 சிடி வைக்க அலமாரியில் இடமில்லையா? மின்னல் வடிவ யுஎஸ்பியிலும் கிடைத்தது. ஆனால் 1,000 மட்டும்தான்!

இந்த 80 சிடி பெட்டி மொத்தம் 6,500 பிரதிகள். ஏன் 6,500? குழு பிறந்தது 1965-ல்! 1990-ஆம் ஆண்டு வசந்தகாலக் கச்சேரிகளின் பெட்டி எத்தனை போட்டார்கள்? 9,000! 2025-ல் குழுவுக்கு 60 வயது நிறைந்தது. அதற்காக வந்த பெட்டியில் எத்தனை சிடி? சரியாக 60! எத்தனை பிரதி? 6,000!

2018-ல் வந்த 19 சிடி பெட்டியில் இன்னொரு அதிசயம். 1974 மே 21, சியாட்டில். ‘பிளேயிங் இன் த பேண்ட்’ என்ற ஒரே பாட்டு. 46 நிமிடம்!

1973-ல் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் திடலில் திரண்ட கூட்டம் சுமார் 6 லட்சம். கச்சேரிக்கு முதல் நாள் கருவிகளைச் சோதிக்க மேடையேறியவர்கள் மணிக்கணக்கில் வாசித்துத் தள்ளிவிட்டார்கள். அந்தச் சோதனை வாசிப்பிலிருந்து ஒரு பகுதி 1999-ல் வந்த ஐந்து சிடி பெட்டியில் இடம்பிடித்தது. மைக் டெஸ்டிங்கையும் காசு கொடுத்து வாங்கிக் கேட்கும் ரசிகர்களை வேறு எங்கே பார்க்கப்போகிறீர்கள்!

சரி, கச்சேரிகளைப் பதிவு செய்தது குழு மட்டும்தானா? ரசிகர்களும்தான்! இவர்களுக்கு ‘டெட்ஹெட்’ என்று பெயர். மற்ற குழுக்களின் கச்சேரிக்கு டேப் ரிக்கார்டரோடு போனால் காவலர் பிடுங்கிக்கொள்வார். இங்கே? வாருங்கள், பதிவு செய்யுங்கள் என்று தனி இடமே ஒதுக்கினார்கள்! 1984 அக்டோபர் 27, பெர்க்லி நகரம். அன்று முதல் பதிவு செய்பவர்களுக்கென்றே தனி டிக்கெட்!

அந்த இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். உயரமான கம்பங்களில் மைக், மைக், மைக்! அவை முன்வரிசையில் முளைத்தால் மற்றவர்களுக்கு மேடை தெரியாது. அதனால்தான் ஒலிக் கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால் அவர்களுக்கு இடம்!

பதிவு செய்த கேசட்டை விற்றார்களா? விற்றால் மற்ற ரசிகர்கள் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள்! வெற்று கேசட் அனுப்புங்கள், தபால் செலவுக்குப் பணம் அனுப்புங்கள், இசை இலவசம். முன்பின் தெரியாத ஒருவர் உங்களுக்காக உட்கார்ந்து பதிந்து அனுப்புவார். பல்லாயிரம் கேசட்டுகள் இப்படியே நாடு முழுக்க ஓடின!

எந்தத் தேதியில், எந்த ஊரில், எந்தப் பாட்டு? எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ரசிகர்களே புத்தகமாக்கினார்கள். முதல் பதிப்பு 1987-ல் வந்தது. இந்தக் குழு மேடையேறியது கொஞ்சமா? 2,300 முறைக்கு மேல்!

2005 நவம்பரில் இணைய ஆவணக் காப்பகத்திலிருந்து இவர்களது கச்சேரிகளைப் பதிவிறக்கும் வசதி திடீரென்று நிறுத்தப்பட்டது. ரசிகர்கள் பொங்கி எழுந்தார்கள்! சில நாட்களிலேயே பார்வையாளர் பதிவுகள் திரும்பி வந்தன!

டிக் லட்வாலா. பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கேசட் சேர்த்துக்கொண்டிருந்த சாதாரண ரசிகர். அவர் ஆர்வத்தைப் பார்த்துக் குழு தன் டேப் கிடங்கின் சாவியையே கொடுத்துவிட்டது! 1993-ல் அவர் தேர்ந்தெடுத்த கச்சேரி அவர் பெயரிலேயே சிடியாக வந்தது. 1999-ல் அவர் மறைந்தார். வரிசை நிற்கவில்லை. மொத்தம் 36 தொகுதி!

பெட்டி கேண்டர் ஜாக்சன். ஆண்களே நிறைந்திருந்த ராக் ஒலிப்பதிவு உலகில் தனி ராஜ்யம் நடத்திய பெண்! அவர் பதிந்த இந்தக் குழுவின் டேப்புகள் என்றால் ரசிகர்கள் உருகுவார்கள். 1986-ல் என்ன ஆயிற்று தெரியுமா? வாடகைக் கிடங்கில் இருந்த அவருடைய பொருட்கள் பாக்கிக்காக ஏலத்துக்கு வந்தன. மற்ற சாமான்களோடு சாமானாக, நூற்றுக்கணக்கான டேப்புகளும் ஏலம் போயின!

அந்த டேப்புகளில் இருந்தது எது? 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகம், பார்டன் ஹால். மே மாதத்தில் அன்று பனி பெய்தது! உள்ளே வாசித்ததோ, இந்தக் குழுவின் ஆகச் சிறந்த கச்சேரி என்று லட்சக்கணக்கான ரசிகர்கள் இன்றும் சத்தியம் செய்யும் கச்சேரி. அது அதிகாரபூர்வமாக வெளிவந்தது எப்போது? டேப்புகள் குழுவின் கிடங்குக்குத் திரும்பிய பிறகு, 2017-ல். சரியாக 40 வருடம் கழித்து, 11 சிடி பெட்டியில்!

சிடி வருவதற்கு முன்பே அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்தக் கச்சேரியைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கடையில் கிடைக்காத பதிவு, ரசிகர்களின் கேசட்டிலேயே வாழ்ந்த பதிவு, தேசியச் சொத்தாகிவிட்டது!

இப்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதல் 40 இடத்துக்குள் அதிக ஆல்பங்கள் நுழைத்தவர் யார்? எல்விஸ் பிரெஸ்லி? 58. ஃப்ராங்க் சினாட்ரா? அவரும் 58. 2024 பிப்ரவரியில் இரண்டு ஜாம்பவான்களையும் முந்தியது கிரேட்ஃபுல் டெட். 59!

இன்னும் கேளுங்கள். தலைவர் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டில் காலமானார். குழு அதோடு கலைந்தது. அந்த 59-ல் 41 ஆல்பம் பட்டியலில் ஏறியது 2012 முதல்! குழு இல்லை, தலைவர் இல்லை, புதுப் பாட்டு இல்லை. பழைய டேப்பும் ரசிகர்களும் மட்டும்!

அப்படியானால் ஹிட் பாட்டுகள் குவிந்திருக்குமே? சிங்கிள் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது வாழ்நாளில் ஒன்றே ஒன்று. 1987-ல் ‘டச் ஆஃப் கிரே’. அதுவும் 9-ஆவது இடம்!

கார்சியாவின் வலது கையில் நடுவிரலின் பெரும்பகுதி கிடையாது. நாலு வயதில் விறகு வெட்டும்போது நடந்த விபத்து. அந்தக் கையோடுதான் இத்தனை மணி நேரமும் கிட்டார் மீட்டினார்!

1974-ல் இவர்கள் மேடையில் நிறுத்திய ஒலிச்சுவர் 75 டன்! 26,400 வாட்! குழுவுக்குப் பின்னாலேயே ஸ்பீக்கர்கள் நின்றன. பாடுபவருக்கு இரண்டிரண்டு மைக். சுற்றியுள்ள சத்தம் இரண்டிலும் நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் மட்டும் மிஞ்சும்!

காது கேளாத ரசிகர்களும் இவர்கள் கச்சேரிக்கு வந்தார்கள். அவர்களுக்கென்று தனிப் பகுதி, சைகை மொழியில் பாட்டைச் சொல்ல ஆள். கையில் பலூன் பிடித்திருப்பார்கள். பலூனின் அதிர்வில் இசையை உணர்ந்தார்கள்! இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

கூட்டத்தில் மஞ்சள் பலூன் தெரிந்தால் அது வேறு கணக்கு. குடியையும் போதையையும் விட்ட ரசிகர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு துணை நிற்கும் இடம் அது!

டிக்கெட்டுக்குத் தபாலில் எழுதிப் போட வேண்டும். ரசிகர்கள் உறையை வெறுமனே அனுப்பவில்லை. ஓவியம் தீட்டி, வண்ணம் பூசி அனுப்பினார்கள். அழகாக இருந்தால் டிக்கெட் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை! அந்த உறைகள் இப்போது எங்கே? கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில்!

கூடைப்பந்து வீரர் பில் வால்டன். உயரம் 6 அடி 11 அங்குலம். எந்தக் கூட்டத்திலும் அவர் தலை தனியாகத் தெரிந்தது. அவர் பார்த்ததாகச் சொன்ன கிரேட்ஃபுல் டெட் கச்சேரிகள் 850-க்கும் மேல்!

1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ். புதிதாகச் சுதந்திரம் பெற்ற லிதுவேனியாவின் கூடைப்பந்து அணியிடம் பணமில்லை. கைகொடுத்தது யார்? கிரேட்ஃபுல் டெட்! வெண்கலப் பதக்கம் வாங்க மேடையேறிய வீரர்கள் உடுத்தியிருந்தது குழுவின் வண்ணச் சாயச் சட்டை!

1987-ல் வந்த ‘செர்ரி கார்சியா’ ஐஸ்கிரீம் யாருடைய யோசனை? கம்பெனி அதிகாரியா? இல்லை. ரசிகர்கள் எழுதிப் போட்ட அஞ்சலட்டை!

1989 கோடையில் ஒரு சமூகவியல் பேராசிரியை தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு இந்தக் குழுவின் சுற்றுப்பயணத்தோடு கிளம்பினார். எதற்கு? ரசிகர்களை ஆராய! ராக் கச்சேரியே பாடமாயிற்று!

1978 செப்டம்பரில் எகிப்தின் கீசா பிரமிடுகளின் அடியில் மூன்று இரவு வாசித்தார்கள். மூன்றாம் இரவு சந்திர கிரகணம்!

நம்ம ஊர்க் கடத்துக்கும் இந்தக் குழுவுக்கும் தொடர்பு உண்டு, தெரியுமா? குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட் 1991-ல் ‘பிளானட் டிரம்’ என்ற ஆல்பம் செய்தார். தபேலாவில் ஜாகிர் உசேன். கடத்தில் யார்? நம் விக்கு விநாயக்ராம்! உலக இசைக்கென்று தொடங்கிய கிராமி விருதை முதன்முதலாக வென்ற ஆல்பம் அதுதான்!

கடைசியாக இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டேப் கிடங்கை இப்போது ஆள்பவர் டேவிட் லெமியூ. 2012 முதல் ஆண்டுக்கு நாலு கச்சேரி தேர்ந்தெடுத்து வெளியிடுகிறார். ரசிகர்கள் ஒரு வருடத்துக்கும் சேர்த்து முன்பணம் கட்டிவிடுகிறார்கள். எந்த ஊர்க் கச்சேரி? தெரியாது! எந்த ஆண்டு? தெரியாது! எந்தப் பாட்டு? அதுவும் தெரியாது! முதல் ஆண்டில் 12,000 பிரதி போட்டார்கள், போதவில்லை. பிறகு அது 25,000 ஆனது!